கல்லாச் சாவி யார் கையில இருந்துச்சு?

ஏட்டி, இங்ஙன வா. வேலை கேட்டு நீ எழுதிக் கொண்டாந்த பயோடேட்டாத் தாளை மேலயும் கீழயும் படிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருட்டி இந்தப் பொண்ணு? முக்கூடல்ல, நம்ம தெருவுல, இப்படி ஒருத்தி இருக்காளா என்ன?

‘புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பொறுப்பேற்று, என் திறமைகளை வளர்த்து, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபடுவதே என் லட்சியம்.’ மொத வரியே இதுதான். தாயி, ஒன் லட்சியம் ஒங்கம்மை வாங்குன குழுக்கடனை அடைக்கது. அது எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். கங்கைகொண்டான் சிப்காட்ல ஒக்காந்து இதைப் படிக்கப்போற மனுசனுக்கும் தெரியும். அவன் மேசையில அம்பது தாள் கிடந்தா அம்பதுலயும் இந்த லட்சியம்தான் இருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு லட்சியத்தை வச்சுக்கிட்டு ஜில்லா பூரா வித்துக்கிட்டிருக்கான். பாவம், அவன் பொழப்பு.

அதுக்குக் கீழ உயரம், நிறம், ராசி, நட்சத்திரம். ஸ்டோர்ஸ் வேலைக்கு ஆள் கேக்கானா, இல்ல அவன் மகனுக்குப் பொண்ணு பாக்கானா? தரகருக்குக் கொடுக்க தாளும் கம்பெனிக்குக் கொடுக்க தாளும் ஒரே கடையில அடிச்சா இப்படித்தான் ஆகும். பொழுதுபோக்கு தோட்டக்கலைன்னு போட்டிருக்க. எந்தத் தோட்டம்? பின்னால நிக்க அந்த முருங்கை மரமா? அதுவும் ஒங்க ஆச்சி வச்சது. பலம் கடின உழைப்பு. பலவீனம் அளவுக்கு மிஞ்சின கடின உழைப்பு. சரிதான், சோறு தண்ணி இல்லாம வேலை பாப்பேன்னு நீயே எழுதிக் கொடுத்தா முதலாளிக்குக் கசக்குமா?

இதெல்லாம் போகட்டும், சிரிச்சுட்டு விட்டுரலாம். ‘முன் அனுபவம்: இல்லை’ன்னு ஒத்த வரியில எழுதியிருக்க பாரு, அங்ஙனதான் எனக்கு ஆத்தமாட்டாம வந்துச்சு. பொய்யையெல்லாம் பெரிய எழுத்துல அடிச்சுட்டு மெய்யை மட்டும் மறைச்ச ஆளை இப்பத்தான் பாக்கேன்.

இல்லையா? மீனாட்சிபுரத்துல ஒங்க மாமன் பலசரக்குக் கடை வச்சிருக்கானே, அவன் வீட்டுல தங்கி காலேஜ் படிச்சியே, மூணு வருசமும் சாயங்காலம் ஆனா அந்தக் கடையில யாரு நின்னா? கல்லாச் சாவி யார் கையில இருந்துச்சு? அவன் பெத்த பய கல்லாப் பக்கம் வந்தா ‘தள்ளி நில்லுல’ம்பான். கட்டுன பொண்டாட்டி சாவியைத் தொட்டா எதுக்குங்கான். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒங்கிட்டக் கொடுத்துட்டு நெல்லையப்பரைக் கும்பிடப் போனான்னா, அதுக்குப் பேரு என்ன? அனுபவம் இல்லையா?

கடைத்தெருவுப் படிப்பு இதுதான் தாயி, கேட்டியா? சேந்ததும் வாரியலைக் கையில கொடுப்பாவ. பொறவு பொட்டலம் மடிக்க விடுவாவ. அது கை வந்தா தராசு. தராசுல கை நடுங்கலைன்னா பற்று நோட்டு. எல்லாத்துக்கும் கடைசியிலதான் கல்லா. வாரியல்ல இருந்து கல்லாவுக்கு எத்தனை மாசத்துல போய்ச் சேந்தாங்கதுதான் கடைக்காரப் பிள்ளையோட மார்க் சீட்டு. ஒன் யுனிவர்சிட்டி மார்க் சீட்டை பத்திரமா பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருக்க. இதை எங்ஙனயும் எழுதக்கூட இல்ல.

பற்று நோட்டைப் பத்தி வேற சொல்லணும். மாசம் பத்தாம் தேதி தாண்டியும் பாக்கி தராத பெரியம்மைகிட்ட நீ எப்படி வசூல் பண்ணுனேன்னு ஒங்க மாமன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான். ‘பெரியம்மை, நேத்து ஒங்க வீட்டுக் கறிக்கொழம்பு வாசம் தெரு முனை வரைக்கும் வந்துச்சே’ன்னியாம். மறுநா காலையில பணம் வந்துட்டாம். சண்டை கிடையாது, மொகம் சுளிப்பு கிடையாது, அந்தப் பெரியம்மை இன்னைக்கும் அதே கடையிலதான் சரக்கு வாங்குதா. பெரிய பேங்க்காரன் இதுக்கு ஆள் வச்சு, வண்டி கொடுத்து, கமிசன் கொடுத்தும் நடக்கமாட்டேங்கு.

2023 டிசம்பர் 17ம் தேதியும் 18ம் தேதியும் மறந்துட்டியா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. தாமிரபரணி கரை புரண்டு சந்திப்பு, மீனாட்சிபுரம்னு வீட்டுக்குள்ளயும் கடைக்குள்ளயும் ஏறிட்டு. ஒங்க மாமன் தலையில கை வச்சு ஒக்காந்துட்டான். நீதான் தெருப் பயகளைக் கூப்பிட்டு அரிசி மூட்டையை மச்சுக்கு ஏத்துனவ. அதுக்கும் முன்ன என்ன செஞ்ச? பற்று நோட்டைப் பாலித்தீன் பையில சுத்திப் பரண்ல வச்ச. அரிசி நனைஞ்சா ஒரு மூட்டை போச்சு. பற்று நோட்டு நனைஞ்சா தெருவே கடனில்லாத தெருவா மாறிரும்லா! எதை மொதல்ல காப்பாத்தணும்னு தெரிஞ்சு வச்சிருக்க பிள்ளை, ஸ்டோர்ஸ் வேலைக்கு அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கா. கோட்டிக்காரி.

இப்ப நான் சொல்லுதேன், நீ எழுது. என் பேச்சு மாதிரி எழுதாத, அடிச்சு விரட்டிருவான். ‘2021 ஜூலை முதல் 2024 ஏப்ரல் வரை, மீனாட்சிபுரம் மளிகைக் கடை, பகுதிநேரம். தினசரி கல்லா வரவும் இரவு இருப்பும் சரிபார்த்தேன். சுமார் அறுபது குடும்பங்களின் மாதக் கடன் கணக்கை எழுதி வசூலித்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது சரக்கையும் கணக்குப் புத்தகங்களையும் உயரமான இடத்துக்கு மாற்றினேன்.’ அவ்வளவுதான். மூணு வரி. அதுல அழகு, சவால், லட்சியம் எதுவும் கிடையாது. அறுபது குடும்பமா அம்பதான்னு மாமன்கிட்டக் கேட்டுச் சரியாப் போடு. கூட்டிப் போடாத. கேட்டா பேரு சொல்லத் தெரியணும்.

தேதிதான் ஒனக்குப் பெரிய பாடா இருக்கும். நம்ம ஆட்களுக்கு நாள் கணக்கெல்லாம் கோயில் கணக்கு. ‘எப்பம்மா சேந்த?’ன்னா ‘ஆனித் தேருக்கு முந்தி’ம்போம். ‘எப்ப நின்ன?’ன்னா ‘சுடலை கொடை கழிஞ்சு’ம்போம். சிப்காட்டுல இருக்கவனுக்குச் சுடலையைத் தெரிஞ்சிருந்தாலும் கொடை எந்த மாசம்னு தெரியாது. ஆனித் தேருன்னா ஜூன், இல்லாட்டி ஜூலை. பழைய காலண்டரைப் பாத்து மாசமும் வருசமும் ஆக்கு.

அடுத்தது ஜவுளிக்கடை. டவுன்ல ஒண்ணரை வருசம் சேலை செக்சன்ல நின்னியே, அதை எழுதுனா கௌரவக் குறைச்சலோ? ஜவுளி விக்கது நம்ம ஊருக்குக் கைவந்த சோலி. ஆரெம்கேவி 1924ல திருநெல்வேலியில தொடங்குன கடைதான். இங்க பழகுன கையை மெட்ராசுக்காரன் தேடி வந்து கூட்டிட்டுப் போறான். அதுல ஒனக்கு என்ன வெக்கம்?

நீ சொன்ன அந்தக் கதையை நான் இன்னும் மறக்கல. ஒரு முகூர்த்தச் சேலைக்கு ஒரு வேன் நிறைய ஆள் வந்து எறங்குச்சு. பொண்ணு ஒரு கலரைப் பாக்கா, மாப்பிள்ளையோட அம்மை வேற கலரைப் பாக்கா. சித்திக்காரி எதை எடுத்தாலும் ‘கரை எடுப்பா இல்லையே’ங்கா. நீ விரிக்க விரிக்க மலையாக் குவியுது. ஓரமா ஒரு ஆச்சி வெத்தலப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு வாய் தொறக்காம இருக்கா. நீ என்ன செஞ்ச? எல்லாரையும் விட்டுட்டு ‘ஆச்சி, நீங்க இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க’ன்னு அவ மடியில ஒண்ணை விரிச்ச. ஆச்சி விரலால ஓரத்தை நெருடிப் பாத்தா, சரிகையைத் திருப்பிப் பாத்தா, ‘இது இருக்கட்டும்’னா. முடிஞ்சது வியாபாரம். பணம் அந்த இடுப்புச் சுருக்குப் பையிலதான் இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னா? எந்தக் காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாவ?

இந்தக் கதையை அப்படியே தாள்ல எழுதமுடியாது. நேர்ல கேக்கும்போது சொல்ல வச்சுக்கோ. தாள்ல ‘பட்டுச் சேலைப் பிரிவு, விற்பனையாளர். வாடிக்கையாளரை வரவேற்பது முதல் பில் போடுமிடம் வரை என் பொறுப்பு. இரவு கடை அடைக்கும்போது பிரிவின் இருப்பை எண்ணிப் பதிந்தேன்’னு போடு. அந்தக் கடைசி வரியை விட்டுராத. ஸ்டோர்ஸ்காரன் கண்ணு மொதல்ல அங்ஙனதான் போய் நிக்கும். பட்டுச் சேலையை எண்ணுனவ நட்டு போல்ட்டையும் எண்ணுவா. கொடுத்ததை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்கதுதான ஸ்டோர்ஸ் வேலை?

காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்னதையும் எழுதட்டுமான்னு கேட்ட. வேண்டாம். அது ஒன் தகுதி இல்ல, அவங்க பண்ணுன கொடுமை. 2010ல வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ன்னு படம் எடுத்தாரு. நம்ம பக்கத்துப் பிள்ளைய ரெங்கநாதன் தெருவுல படுத பாட்டைப் பாத்து ஊரே அழுதுச்சு. அழுத கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஆடித் தள்ளுபடிக்குப் போய் நின்னுச்சு. கடையில வேலை பாக்கவங்களுக்கு ஒக்கார எடம் கொடுக்கணும்னு நம்ம சர்க்கார் 1947ம் வருசத்துக் கடைச் சட்டத்துல ஒரு பிரிவைச் சேத்தது 2021ல. கேரளத்துல 2018லயே செஞ்சுட்டாவ. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருக்கு பாத்துக்கோ.

பீடி சுத்துனதை என்ன செய்யன்னு கேப்ப. அதுல ஒரு சிக்கல் இருக்கு. அட்டை ஒங்கம்மை பேர்ல, பி.எஃப். ஒங்கம்மை பேர்ல, சுத்துனது வீட்டுல மூணு பேரு. நம்ம ஊர்ல பாதி வீட்டுல இதுதான் நெலவரம். ஆயிரம் பீடிக்குன்னு எடை போட்டு இலையும் தூளும் கொடுப்பான். சுத்திக் கொண்டு போனா கணக்குப்பிள்ளை கையில எடுத்து உருட்டிப் பாத்துச் சரியில்லாததைக் கழிச்சுத் தள்ளுவான். கழிவு போக மிச்சத்துக்குத்தான் கூலி. எலை பத்தலைன்னா கைக்காசு. கொடுத்த சரக்குக்குள்ள எண்ணிக்கையைக் கொண்டாரணும், கழிவு கூடக்கூடாது. கம்பெனிக்காரன் இதுக்குத் தரக்கட்டுப்பாடுன்னு பேரு வச்சு, சட்டையில பேட்ச் குத்தித் தனியா ஆள் போட்டிருக்கான். ஒங்கம்மை பேட்ச் இல்லாமலே செய்யுதா. நீ ‘குடும்பத் தொழிலான பீடி சுற்றுதலில் விடுமுறை நாட்களில் உதவி’ன்னு ஒரு வரி போடு, போதும். அம்மை வேலையை ஒன் வேலைன்னு எழுதாத. சின்னப் பிள்ளையில சுத்துன கதையை ஆபீஸ்ல அவிழ்த்து விடாத. ஆனா அந்த ஒரு வரியை வெக்கப்பட்டு விட்டுராத. படிக்கவன் அம்மையும் பீடித் தட்டைத் தூக்குனவளா இருந்தா அந்த வரியில கொஞ்சம் நிப்பான்.

எங்க காலத்துல தாளே கிடையாது. மெட்ராசுக்குக் கடைக்கு ஆள் எடுக்கணும்னா அண்ணாச்சிமாரு ஊருக்குச் சொல்லிவிடுவாவ. யாராவது பெரிய மனுசன் ‘இன்னாரு மகன், பய கை சுத்தம்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ரயில்ல ஏத்திருவாவ. கடையிலயே சாப்பாடு, கடையிலயே படுக்கை. சம்பளம் கையில வராது, பேரேட்டுல ஏறும். பல வருசம் கழிச்சு அந்தப் பணத்தை மொதலா வச்சுத் தனிக்கடை போட்டவங்க எத்தனையோ பேரு. அதைக் கேட்டா ஒனக்கு ஆசையா இருக்கும். ஆனா நான் சொல்லாம விட்டதையும் கேளு. அந்த ஒத்த வார்த்தைக்குச் சாதியும் சொந்தமும்தான் ஜாமீன். சொல்ல ஆள் இல்லாதவன் கை எவ்வளவு சுத்தமா இருந்தாலும் ரயிலடியிலயே நின்னான். பொம்பளப் பிள்ளைக்கு அந்த ரயிலே கிடையாது. அதனால இந்தத் தாளை நான் கேலி பண்ணுனாலும் இது வேண்டாம்னு சொல்லமாட்டேன். இன்னாரு மகளான்னு கேக்காம, என்ன செஞ்சன்னு கேக்க தாள் இது. அதுல போய் நீயா சாதியையும் அப்பன் பெருமையையும் எழுதி வைக்கலாமா?

மூணு மாசம் கூரியர் ஆபீஸ்ல இருந்ததை அடிச்சுட்டியே, ஏன்? ‘மூணு மாசந்தான’ங்க. நம்ம பாரதி 1904ல மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா இருந்தது மூணு மாசச் சொச்சம்தான், அதுவும் தற்காலிகம். அந்தப் பள்ளிக்கூடம் இன்னைக்கு வரைக்கும் அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. அவரும் நம்ம ஊர் இந்துக் காலேஜ் பள்ளிக்கூடத்துல படிச்சவருதான். 1897ல, பதினாலு வயசுல, படிக்கப் பண உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீனுக்குப் பாட்டாவே விண்ணப்பம் எழுதிப் போட்டாரு. பொறவு அந்த ஜமீன்லயே கொஞ்சகாலம் வேலையும் பாத்தாரு. 1919ல, கடையத்துல மாமனார் ஊர்ல இருந்தப்போ, அதே ஜமீனுக்கு மறுபடியும் சீட்டுக்கவி எழுதுனாரு. தமிழ் என்னால புகழ் அடைஞ்சதுங்க கணக்குல பெருமை பேசி எழுதுனாரு. பேசலாம், அவரு பாரதி, தாங்கும். அந்தப் பாட்டுக்கே கதவு தொறக்கலைன்னா, நீயும் ஜெராக்ஸ் கடைக்காரனும் சேந்து எழுதுன லட்சியத்துக்கு யாரு தொறக்கப் போறா?

சரி, எழுதியாச்சு. சாட்சி கேட்டா? மாமன் கடைக்கு மாமன்தான் சாட்சி. சொந்தக்காரன் சொல்லு எடுபடாதுன்னா, அந்தக் கடைக்குச் சரக்குப் போடுத ஏஜென்ட் ஒருத்தனைக் கேளு, பில்லுல மூணு வருசமா ஒன் கையெழுத்தைப் பாத்தவன் அவன். ஜவுளிக்கடை சங்கதி வேற. இருபது பேராவது வேலை பாக்க கடைன்னா பி.எஃப். பிடிக்கணும், பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ., அதுவும் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா. ஒனக்குப் பிடிச்சாவளா இல்லையா? பன்னெண்டு இலக்க நம்பர் ஒண்ணு கொடுத்திருப்பாவளே, அதைப் போனுல போட்டுப் பாரு. மாசா மாசம் பிடிச்சது வரிசையா நிக்கும். முதலாளி ‘இவ எங்கிட்ட இருந்ததே இல்ல’ன்னு சொன்னாலும் அந்தப் பாஸ்புக் பொய் சொல்லாது. அனுபவச் சான்று கேட்டா சில முதலாளிமாரு மொகத்தைத் திருப்புவாவ, எழுதிக் கொடுத்தா பின்னால கேசு கீசுன்னு வந்துருமோன்னு பயம். பெருசாக் கேக்காத. சேந்த தேதி, நின்ன தேதி, பாத்த வேலை; மூணு வரி, ஒரு சீல். கல்லா ஓய்வா இருக்க மத்தியான நேரமாப் போய்க் கேளு.

பி.எஃப். எதுவும் இல்லாத ஆளுக்கு 2021 ஆகஸ்டுல இருந்து இ-ஷ்ரம்னு ஒண்ணு இருக்கு. அதுல பாக்க வேலையைப் பதிஞ்சு அட்டை வாங்கிக்கிடலாம், காசு கிடையாது. ஒனக்கு பி.எஃப். பிடிச்சிருந்தா அது பொருந்தாது, ஒன் தங்கச்சிக்குச் சொல்லு. கைவேலை தெரிஞ்சவங்களைச் சோதிச்சுப் பாத்துச் சர்ட்டிபிகேட் கொடுக்க சர்க்கார் திட்டமும் உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல கேட்டா வழி சொல்லுவாவ. பதிஞ்சுட்டு வாரதோட சரின்னு நினைக்காம, பத்து நிமிசம் நின்னு கேட்டுட்டு வா.

இன்னும் ரெண்டு மூணு சில்லறைச் சங்கதி. ஒன் மெயில் பேர்ல இருக்க அந்தக் குட்டித் தேவதையை மாத்து. ஸ்டோர்ஸ் மேனேஜர் தேவதைக்குப் பதில் எழுதத் தயங்குவாரு. ஒரு பக்கத்துக்கு மேல போகாத. கீழ ‘மேற்கண்ட யாவும் உண்மை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே, பழைய தாள்ல இருந்த பெரிய பொய்யே அதுதான். இப்ப வேணும்னா போட்டுக்கோ.

ஏன் ஜவுளிக்கடையில இருந்து நின்னேன்னு கண்டிப்பாக் கேப்பான். அங்ஙன இருந்த சூப்பர்வைசரைத் திட்டாத. நீ திட்டுனா நாளைக்கு நம்மளையும் இப்படித்தான் திட்டுவான்னு நினைப்பான். ‘படிச்ச படிப்புக்குத் தக்க, கணக்கு சம்பந்தப்பட்ட வேலைக்கு வரணும்னு நின்னேன்’ன்னு சொல்லு. அதுவும் மெய்தான. எல்லா மெய்யையும் ஒரே நாள்ல வித்துத் தீக்கணும்னு ஒண்ணும் இல்ல.

கடைசியில ‘எவ்வளவு சம்பளம் எதிர்பாக்கீங்க?’ம்பான். அங்ஙனதான் எல்லாப் பிள்ளைகளும் ‘நீங்க பாத்துப் போட்டுக் கொடுங்க சார்’னு வழுக்கி விழுதாவ. ஏட்டி, நீ ஒண்ணரை வருசம் சேலை வித்தவ. வந்தவ கையில எவ்வளவு வச்சிருக்கான்னு தெரியாம என்னைக்காவது மொத ரேக்கைத் தொறந்திருக்கியா? ‘அக்கா, என்ன விலையில பாக்கீங்க?’ன்னுதான கேப்ப. அதையே இங்ஙனயும் கேளு. ‘இந்த வேலைக்கு இங்க என்ன கொடுக்கீங்க சார்?’னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இரு. அவன் ஒரு தொகை சொல்லுவான். ஒடனே தலையாட்டிராத. கொஞ்சம் யோசிக்கமாதிரி இருந்துட்டு, பஸ்ஸு செலவு யாரு பாப்பான்னு கேளு.